அக்குவாவா, ஃபிட் ஜிபி5-ஆ? எதை நம்பி வாங்கலாம்?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம் அண்ணைமார். 2014, 2015 ஹைபிரிட் ஒன்று தேடுகிறேன். கையிலிருக்கிற காசுக்கு டொயோட்டா அக்குவா என்எச்பி10, ஹொண்டா ஃபிட் ஜிபி5 இரண்டும்தான் தோதாக வருது. கிழமை நாளில் காலி வீதியில் ஊர்ந்து ஊர்ந்து வேலைக்கு. மாதம் ஒருக்கா ஏ9-ஆல யாழ்ப்பாணம். பின்னால இரண்டு சின்னப் பிள்ளைகள். பெற்றோல் கணக்கு எனக்குத் தெரியும், அது வேண்டாம். எது அடிக்கடி கராஜுக்குப் போகும், மோதினால் எது தாங்கும்?

சாவிக்கொத்து:
தம்பி, காலி வீதி எண்டு சொன்ன உடனேயே பாதி விடை வந்திட்டுது.

ஜிபி5-இல இருக்கிறது ஏழு கியர் இரட்டைக் கிளச். உலர் கிளச், ஒயிலுக்குள்ள ஓடுறதில்லை. மோட்டர் ஒற்றைப்படை கியர்த் தண்டில பூட்டியிருக்கு. பற்றரியில சார்ஜ் இருந்தால் மோட்டரே வண்டியைக் கிளப்பிவிடும், கிளச்சுக்கு வேலை இல்லை. ஏசியும் போட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நாலு அடி நகர்ந்து சார்ஜ் இறங்கினால் எஞ்சின் கிளச்சை அரைக்கிளச்சில உரசித்தான் வண்டியை இழுக்கும். அந்தச் சூடு போக இடமில்லை. முதலில் கிளம்பேக்க ஒரு நடுக்கம், பிறகு டிஸ்பிளேயில கியர்பொக்ஸ் சூடு எச்சரிக்கை. ஏற்றத்தில பிரேக்கை விட்டு அக்சிலேற்றரால வண்டியைப் பிடிச்சு வைச்சிருக்கிற பழக்கம் இருந்தால் கிளச் இன்னும் வேகமாத் தேயும்.

அக்குவாவில கிளச்சே இல்லை. கிரகப் பல்லுச் சக்கரத் தொகுதியும் இரண்டு மோட்டரும்தான். எஞ்சினில பெல்ட்டும் இல்லை, தண்ணிப் பம்மும் ஏசி கொம்பிரஸரும் மின்சாரம். ஒயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோட 3.7 லீற்றர். அதைத் தள்ளிப் போடாமல் மாத்தினால் எஞ்சின் தொல்லை தராது.

ஆனால் அக்குவா செலவே வைக்காது எண்டு ஆராவது சொன்னால் நம்பாதேங்கோ. இரண்டு இடம் பாக்கோணும்.

ஒண்டு பற்றரி. நிக்கல் பற்றரி, 7.2 வோல்ட் மொடியூல் 20, மொத்தம் 144 வோல்ட். பின்சீற்றுக்குக் கீழ, காத்தாடியால குளிர்விக்கிறது. சீற்று ஓரத்தில இருக்கிற காத்து வாயில பையை வைச்சு அடைச்சாலும், காத்தாடியில தூசி படிஞ்சாலும் நடுவில இருக்கிற மொடியூல்கள்தான் முதலில சாகும். ஸ்கேனர் போட்டு ப்ளொக் வோல்ட்டைப் பாருங்கோ, ப்ளொக் எண்டால் சேர்த்து அளக்கிற மொடியூல் கூட்டம். நிண்ட இடத்தில எல்லாம் ஒண்டாத்தான் தெரியும். ஏற்றத்தில ஓடவிட்டுப் பாத்தால்தான் பலவீனமான ப்ளொக் மற்றதுகளை விட்டுக் கீழ விழும். பி0ஏ80 கோட் (பற்றரி பழுது எண்டு காட்டுற பிழைக் குறி) வந்து, ஒரு மொடியூலை மட்டும் மாத்தி விக்கிற வண்டியும் சந்தையில வரும். கொஞ்ச மாதத்தில பக்கத்து மொடியூல் போகும், ஏனெண்டால் எல்லாத்துக்கும் வயசு ஒண்டு.

மற்றது பிரேக் அக்சுவேற்றர், பிரேக்குக்கு அழுத்தம் குடுக்கிற பம் தொகுதி. சாரதிக் கதவைத் திறக்கேக்க பம் ஒருக்கா உர்ரெண்டு ஓடி நிக்கிறது இயல்பு. பிரேக்கைத் தொடாமலே சில விநாடிக்கொருக்கா திரும்பத் திரும்ப ஓடினால் உள்ளுக்க அழுத்தம் ஒழுகுது. அடுத்தது சி1391 கோட். அதோட அந்த வண்டியை விட்டிடுங்கோ.

மழைக்காலம்:
மோதல் பக்கம் நான் சொல்கிறேன். 2014 ஜனவரியில் அமெரிக்காவில் கார்களை மோதவிட்டுத் தரம் போடும் ஐஐஎச்எஸ் என்ற நிறுவனம் சின்னக் கார்கள் 11-ஐ முன்பக்க ஓர மோதலில் சோதித்தது. மணிக்கு 64 கிலோமீற்றரில் முன்முகப்பின் கால்வாசி மட்டும் தடுப்பில் அடிபடும் சோதனை அது. அங்கே பிரியஸ் சி என்ற பெயரில் விற்ற அக்குவாவுக்குக் கிடைத்தது ஆகக் கீழான தரம். அன்றைய பழைய ஃபிட்டுக்கும் அதே தரம்தான். அடுத்த தலைமுறை ஃபிட், அதாவது ஜிபி5-இன் உடன்பிறப்பு, முன் பம்பருக்குள் இருக்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றியபின் ஏற்கத்தக்க தரத்துக்கு வந்தது. ஆனால் அது அமெரிக்கச் சந்தைக்குச் செய்த வண்டி. ஜப்பான் வண்டிக்கு அந்த முடிவை அப்படியே ஒட்டக்கூடாது.

பிள்ளைகள் பின்னால் இருப்பதால் மொடலைவிட கிரேட்டைப் பாருங்கள். அந்தக் கால அக்குவாவில் பக்க எயார்பாக்கும் திரை எயார்பாக்கும் கேட்டுப் போடுவிக்கும் ஒப்ஷன். ஜிபி5-இலும் அவை, நகர வேகத்தில் தானே பிரேக் பிடிக்கும் வசதியோடு சேர்த்து ஒரு பொதியாகத்தான் வந்தன. முன்சீற்றின் வெளிப்பக்க ஓரத்தில் எயார்பாக் என்று தைத்த சின்னத் துணி இருக்கிறதா, கதவுத் தூணின் மேற்பகுதியில் அதே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வண்டியில் அது இல்லை.

சாவியைத் திறந்ததும் எயார்பாக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்திருக்கலாம், எயார்பாக் ஒருமுறை வெடித்த வண்டியாகவும் இருக்கலாம். ஒக்ஷன் ஷீட்டில் (ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதித் தரும் தாள்) தரம் ஆர், ஆர்ஏ என்று இருந்தாலும் விபத்தில் திருத்தியது என்றே பொருள். பிள்ளைகளின் சீற்றைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுக்கி இரண்டு காரிலும் பின் ஓரச் சீற்றுகளில் உண்டு.

நாலாம்கியர்:
சாவிக்கொத்து அண்ணை சொன்னதில பிழை இல்லை, ஆனால் ஜிபி5-ஐ ஒரேயடியாத் தூக்கி எறிய வேண்டாம். 2013 செப்டெம்பரில வந்து 2014 ஒக்டோபருக்குள்ள ஜப்பானில ஐஞ்சு தரம் ரீகோல், அதாவது கொம்பனியே வண்டிகளைத் திருப்பிக் கூப்பிட்டுத் திருத்தினது. ஹொண்டா தலைவரே சம்பளத்தைக் குறைச்சார். கியர்பொக்ஸ் ரீகோலில முக்கியமானது கட்டுப்பாட்டுச் சொஃப்ட்வெயார்தான். அது புதுசாக்காத வண்டிகளும் இஞ்ச வந்திருக்கு. ஹொண்டாவின் ஜப்பான் இணையதளத்தில சேஸிஸ் இலக்கத்தைப் போட்டால் எந்த ரீகோல் செய்யாமல் கிடக்கு எண்டு காட்டும். அக்குவாவுக்கும் டொயோட்டா தளத்தில அப்படியே பாக்கலாம்.

சொஃப்ட்வெயார் ஏத்தினாப் பிறகு ஹொண்டா ஸ்கேனரால, கிளச் எந்த இடத்தில பிடிக்குது எண்டு கியர்பொக்ஸ் கொம்பியூட்டருக்குப் புதுசாப் படிப்பிக்கோணும். அதைச் செய்யாமல் விட்டால் நடுக்கம் அப்படியே இருக்கும், கடைசியில கிளச் போட்டுது எண்டு பில் வரும்.

இன்னொண்டு: காசு குறைவெண்டு முந்தின தலைமுறை ஜிபி1-க்கு இறங்கிறதெண்டால் தக்காட்டா கொம்பனி செய்த, ரீகோல் வந்த எயார்பாக்கை மாத்தியிருக்கா எண்டு முதலில பாருங்கோ. வெக்கையும் ஈரமும் எயார்பாக்கை ஊத வைக்கிற வெடிமருந்தைக் கெடுக்கும், கொழும்பில இரண்டுக்கும் குறைவில்லை.

வெள்ளவத்தைவாசி:
நன்றி. பக்க எயார்பாக் உள்ள ஜிபி5 ஒன்று, இல்லாத அக்குவா ஒன்று. இரண்டும் ஒரே விலை. எதைப் பார்க்க?

சாவிக்கொத்து:
இரண்டையும் விட்டிட்டு எயார்பாக் உள்ள அக்குவா வருமட்டும் பொறுங்கோ. பொறுக்க ஏலாதெண்டால் ஜிபி5-ஐ பின்னேரம் ஐஞ்சு மணிக்கு, ஏசி போட்டு, பம்பலப்பிட்டியில இருந்து தெஹிவளை வரை ஓடிப் பாருங்கோ. காலமை வெறும் ரோட்டில ஓட்டிக் காட்டினால் ஒண்டும் தெரியாது.