உயிரியல் பிஎச்டிக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பம்: என் பட்டியலைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

ஈஸ்ட்வளர்ப்பவன்:
எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி முடித்துவிட்டு ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஈஸ்ட் செல்களில் ஆட்டோஃபேஜிதான் (செல் தன் பாகங்களையே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது) என் வேலை. இந்த டிசம்பரில் அமெரிக்காவில் செல் உயிரியல் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

பட்டியலில் இருப்பவை யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களான பெர்க்லி, சான் டியாகோ, டேவிஸ், இர்வைன், அப்புறம் மிச்சிகன், விஸ்கான்சின். எனக்குப் பிடித்த ஆய்வகங்களை வைத்து எடுத்த பட்டியல் இது. மதிப்பெண்ணில் குறையில்லை, ஆனால் கட்டுரை எதுவும் இன்னும் வெளிவரவில்லை.

கேட்க நினைப்பது: பட்டியல் சரியா? ஜிஆர்இ நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா? பேராசிரியர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. வாய்ப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

நீலத்திமிங்கிலம்:
தம்பி, நான் பிஎச்டியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். எங்கள் துறையின் சேர்க்கைக் குழுவில் மாணவர் பிரதிநிதியாகவும் இருந்திருக்கிறேன். ஆய்வகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நல்லதுதான். ஆனால் அதற்கும் முன்னால் வெளிநாட்டு மாணவர் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தத் துறையில் முதலாண்டு மாணவருக்கு உதவித்தொகை எங்கிருந்து வருகிறது?

பல உயிரியல் துறைகள் தொடக்க ஆண்டுகளின் உதவித்தொகைக்கு என்ஐஹெச் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிதி அமைப்பு) தரும் டி32 பயிற்சி மானியத்தை நம்பியிருக்கின்றன. அந்தப் பணத்தை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான் கொடுக்க முடியும். என்எஸ்எஃப் (அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை) தரும் ஜிஆர்எஃப்பி ஃபெலோஷிப்பும் அப்படியே. உங்களை எடுத்தால் துறை வேறு கணக்கிலிருந்து பணம் எடுத்தாக வேண்டும், அந்தக் கணக்கோ சின்னது. இதனால்தான் ஒரே தரத்தில் இரண்டு விண்ணப்பம் வந்தாலும் நம்முடையது கடுமையான போட்டியில் மாட்டுகிறது. இதற்கும் உங்கள் திறமைக்கும் சம்பந்தமில்லை.

யூசி வளாகங்களில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் ஆண்டுக்கு 15,102 டாலர் கூடுதல் கட்டணம் உண்டு. அமெரிக்க மாணவர் ஓராண்டு தங்கி கலிபோர்னியாவாசி ஆகிவிடலாம், எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் ஆக முடியாது. கேண்டிடசி தேர்வு (ஆய்வேட்டுக் கட்டத்துக்குப் போகத் தகுதி தரும் தேர்வு) முடித்த பிறகு மூன்றாண்டுகளுக்கு அது தள்ளுபடியாகும். அதுவரை உங்களுக்காகத் துறையோ வழிகாட்டியோ கட்ட வேண்டும். ஆறில் நான்கு யூசி என்றால் ஒரே சுவரில் நான்கு முறை முட்டுகிற மாதிரி. ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்ற இடத்துக்குத் தனியார் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். அங்கே உள்ளூர்க் கட்டணம், வெளியூர்க் கட்டணம் என்ற பிரிவே கிடையாது.

2025இல் என்ஐஹெச் மானியங்கள் வெட்டப்பட்டபோது பல துறைகள் இடங்களைக் குறைத்தன, சில இடங்களில் கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். அதனால் போன வருடத்து அனுபவத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு நேராக எழுதுங்கள்: "டி32க்குத் தகுதியில்லாத மாணவர்களுக்கு முதலாண்டு நிதி எப்படி? இந்த முறை வெளிநாட்டு மாணவர்களை எடுக்கிறீர்களா?" பேராசிரியர் பதில் போடாவிட்டாலும் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் போடுவார். துறைப் பக்கத்தில் இப்போதைய மாணவர்களின் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். வெளிநாட்டில் இளநிலை முடித்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று எண்ணினாலே நிலவரம் தெரிந்துவிடும்.

ஜிஆர்இயைப் பெரும்பாலான உயிரியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. நீங்கள் சொன்ன துறைகளின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

களக்குறிப்பு:
மின்னஞ்சல் விஷயம் நான் சொல்கிறேன். செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல் போன்ற பெரிய குடை அமைப்புகளில் (பல ஆய்வகங்கள் சேர்ந்து நடத்தும் பிஎச்டி திட்டங்கள்) குழுதான் சேர்க்கிறது. முதலாண்டு மூன்று நான்கு ஆய்வகங்களில் ரொட்டேஷன் (மாறி மாறிக் கொஞ்ச காலம் வேலை) செய்துவிட்டுத்தான் மாணவர் ஓரிடத்தில் சேர்கிறார். அங்கே ஒரு பேராசிரியர் நினைத்தாலும் உங்களைத் தனியாக எடுக்க முடியாது. பதில் வராததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான் இருக்கும் சூழலியல், பரிணாமவியல் பக்கம் கதை வேறு. இங்கே பெரும்பாலும் நேரடிச் சேர்க்கைதான். வழிகாட்டி 'இந்த மாணவர் எனக்கு வேண்டும்' என்று சொல்லாவிட்டால் விண்ணப்பம் நகரவே நகராது. இங்கு விண்ணப்பிப்பவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எழுதிவிட வேண்டும்.

ஈஸ்ட்வளர்ப்பவன்:
டி32 பற்றி யாருமே சொன்னதில்லை. மிக்க நன்றி. எஸ்ஓபியில் (விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரை) ஆய்வு அனுபவம் பற்றிய பகுதியைக் கீழே தருகிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா?

"ஆட்டோஃபேஜி பற்றிய ஆய்வில் வெஸ்டர்ன் பிளாட், ஃப்ளூரசன்ஸ் நுண்ணோக்கி, ஜீன் நீக்கம், பிசிஆர் ஆகிய நுட்பங்களைக் கற்றேன். ஒரு ஜீனை நீக்கினால் ஆட்டோஃபேஜி குறைகிறது என்று கண்டோம். இந்த அனுபவம் ஆராய்ச்சியின் மீதான என் ஆர்வத்தை மேலும் வளர்த்தது."

நீலத்திமிங்கிலம்:
இதில் நீங்கள் யோசித்தது எங்கேயும் தெரியவில்லையே. நுட்பங்களின் பெயர் சிவியில் இருந்தால் போதும். ஒன்று கேட்கிறேன்: குறைகிறது என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? அப்புறம் என்ன செய்தீர்கள்?

ஈஸ்ட்வளர்ப்பவன்:
ஜிஎஃப்பி-ஏடிஜி8 பிளாட், அதாவது ஆட்டோஃபேஜிப் புரதமான ஏடிஜி8ஓடு ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை இணைத்துச் செய்த வெஸ்டர்ன் பிளாட். நைட்ரஜன் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிப் பட்டினி போட்டால் சாதாரண செல்லில் தனி ஜிஎஃப்பி பட்டை வரும். ஜீன் நீக்கிய எங்கள் செல்லில் வரவேயில்லை. ஆனால் அது ஆட்டோஃபேஜி நடக்காததால் இருக்கலாம், அல்லது எல்லாம் வேக்குவோல் (செல்லுக்குள் சிதைவு நடக்கும் பை) வரை போய் அங்கே சிதையாமல் நின்றதாலும் இருக்கலாம். அதனால் பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பு வேதிப்பொருளைச் சேர்த்துச் சிதைவை நிறுத்திவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். சாதாரண செல்லின் வேக்குவோலுக்குள் ஆட்டோஃபேஜிக் உருண்டைகள் துடித்துக்கொண்டு ஓடின. எங்கள் செல்லில் வேக்குவோல் காலியாக இருந்தது. ஆகவே தடை வேக்குவோலுக்கு முன்னாலேயே இருக்கிறது. இதை வழிகாட்டி சொல்லவில்லை, ஆட்டோஃபேஜி ஆய்வாளர் ஓசுமி 1992இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது தோன்றியது.

நீலத்திமிங்கிலம்:
இதுதான் உங்கள் எஸ்ஓபி! இப்போது எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் போடுங்கள். இரண்டு விளக்கங்கள் இருந்தன, பிரித்துப் பார்க்க ஒரு சோதனை யோசித்தேன், விடை இது, அடுத்து எதைப் பார்க்க வேண்டும். கட்டுரை வெளிவராத குறையை இந்த ஒரு பத்தி பெருமளவு ஈடுகட்டும். நாங்கள் குழுவில் உட்கார்ந்து படிக்கும்போது தேடுவதே இப்படி யோசிக்கும் ஆளைத்தான். நேர்காணலிலும் இதையே தோண்டுவார்கள். "பட்டை வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டால் தயாராக இருங்கள்.

மைக்ரோபிப்பெட்:
பரிந்துரைக் கடிதத்தையும் இதோடு கட்டிவிடுங்கள். மூன்று கடிதம் கேட்பார்கள். வகுப்பில் நன்றாகப் படித்தார், ஒழுக்கமானவர் என்று ஒரு கடிதம் வந்தால் அதில் குழுவுக்கு ஒன்றுமில்லை. உங்கள் கையைப் பார்த்து வேலை செய்தவர் குறைந்தது இருவராவது எழுத வேண்டும். "நீயே எழுதிக்கொண்டு வா" என்று சொன்னால் முழுக் கடிதமாக எழுதித் தராதீர்கள், மூன்றும் ஒரே குரலில் வந்துவிடும். நடந்ததை மட்டும் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். அந்த பிஎம்எஸ்எஃப் யோசனை உங்களுடையது என்று வழிகாட்டியே எழுதினால், அதற்கு நிகர் எதுவுமில்லை. நிறுவன மின்னஞ்சலிலிருந்து கடிதம் போவதும் முக்கியம், சில விண்ணப்பத் தளங்கள் ஜிமெயிலை ஏற்பதில்லை.

அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஆஸ்திரியாவில் ஐஎஸ்டிஏ, ஜப்பானின் ஒகினாவாவில் ஓஐஎஸ்டி ஆகிய ஆய்வு நிறுவனங்கள் இரண்டிலும் ரொட்டேஷன் உண்டு, விண்ணப்பக் கட்டணம் இல்லை, குடியுரிமை பார்த்துப் பணம் பிரிப்பதில்லை. ஐஎஸ்டிஏவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி 8, அதே எஸ்ஓபியைத் திருத்தி அனுப்ப நேரம் இருக்கும். ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கின் ஈஎம்பிஎல் ஆய்வகத்தையும், மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஐஎம்பிஆர்எஸ் பிஎச்டி பள்ளிகளையும் பாருங்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்கிறது.

ஈஸ்ட்வளர்ப்பவன்:
டேவிஸையும் இர்வைனையும் எடுத்துவிட்டேன். ஐஎஸ்டிஏ, ஓஐஎஸ்டி, இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள் உள்ளே வந்துவிட்டன. மிச்சிகன், விஸ்கான்சின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு நேற்றே எழுதினேன். விஸ்கான்சினிலிருந்து பதில் வந்தது, இந்த முறையும் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கிறார்களாம். இன்னும் ஒரே ஒரு சந்தேகம் அக்கா: ஓரிடத்தில் முன்னதாக அனுமதி வந்து, உடனே பதில் சொல் என்று நெருக்கினால் என்ன செய்வது?

நீலத்திமிங்கிலம்:
அமெரிக்காவில் உதவித்தொகையோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. பட்டதாரிப் பள்ளிகளின் கவுன்சில் வகுத்த தீர்மானம் அது, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணிவாக அந்தத் தேதியைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். ஐஎஸ்டிஏ, ஓஐஎஸ்டிக்கு இந்தத் தீர்மானம் பொருந்தாது, அவர்கள் தரும் தேதிதான் தேதி. அங்கிருந்து முதலில் அனுமதி வந்தால் அதே நாளில் மற்ற இடங்களுக்கு எழுதி, முடிவு எப்போது தெரியும் என்று கேட்டுவிடுங்கள்.