பி.எஸ்.பி.யில் இருந்து சிஸ்டம் கோப்புகளை எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

ஃபேட்ஆயிரம்:

சோனியோட கையடக்க கன்சோலான பி.எஸ்.பி.யோட கேமை ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஓட்டுற பி.பி.எஸ்.எஸ்.பி.பி. எமுலேட்டருக்கு பயாஸ் (கன்சோலோட பூட் மென்பொருள்) தேவையில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுகூட வர்ற ஃபாண்ட் சோனியோடது இல்லை. உரிமைச் சிக்கல் வரும்னு மாற்று ஃபாண்ட் வச்சிருக்காங்க. முக்கால்வாசி கேம்ல வித்தியாசமே தெரியாது. கன்சோலோட சொந்த ஃபாண்ட்டை நம்பி வசனம் காட்டுற ஜப்பானிய கேம் சிலதுல மட்டும் எழுத்து ஒண்ணோட ஒண்ணு உரசும், வரி பெட்டியை விட்டு வழியும். நான் அந்த மாதிரி ஒண்ணுல மாட்டினேன்.

அசல் ஃபாண்ட் அலமாரியில தூங்குற பி.எஸ்.பி. 1000க்குள்ளயே இருக்கே, அதை எடுத்தா என்னன்னு தோணுச்சு. கடையில வாங்கிப் போட்ட டூப்ளிகேட் பேட்டரி உப்பி மூடியையே தள்ளிக்கிட்டு இருந்ததால, கழட்டி ஓரமா வச்சிட்டு அடாப்டர்லயே ஓட்டினேன். சோனியோட அப்டேட்டா இருந்தா பேட்டரி சார்ஜ் இல்லாம நகராது. நமக்கு வெறுமனே வாசிக்கிற வேலைதானே, அதனால பிரச்சனை இல்லை. ஒரே தொல்லை என்னன்னா, என்னோடது 6.60 ப்ரோங்கிற கஸ்டம் ஃபர்ம்வேர் (ரசிகர்கள் மாத்தின சிஸ்டம் மென்பொருள்), நிரந்தரமா பதிக்காதது. பிளக்கைப் பிடுங்கினதும் கஸ்டம் ஃபர்ம்வேர் போயிடும், அதை மறுபடி எழுப்புற ஃபாஸ்ட் ரெக்கவரி நிரலை ஓட்டணும். தேதியும் அழிஞ்சிடும்.

மத்தபடி சுலபம். மெயின் மெனுல செலக்ட் பட்டனை அழுத்தினா ஒரு குட்டி மெனு வரும். அதுல யு.எஸ்.பி. டிவைஸ்னு இருக்கிறதை மெமரி ஸ்டிக்ல (பி.எஸ்.பி.யோட மெமரி கார்டு) இருந்து ஃபிளாஷ்0க்கு (சிஸ்டம் கோப்புகள் இருக்கிற உள் நினைவகம்) மாத்திட்டு கேபிளைச் சொருகணும். கம்ப்யூட்டர்ல சின்ன டிரைவ் மாதிரி திறக்கும். உள்ள ஃபாண்ட், கே.டி. (சிஸ்டம் நிரல்கள்), வி.எஸ்.எச். (மெனு சம்பந்தப்பட்டது)னு ஃபோல்டர்கள். ஃபாண்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணேன். ஜப்பானிய எழுத்துக்கு ஒரு பி.ஜி.எஃப். (ஃபாண்ட் கோப்பு), கொரியனுக்கு ஒண்ணு, லத்தீனுக்கு 0 முதல் 15 வரைக்கும் பதினாறு. ஃபோன்ல எமுலேட்டரோட மெமரி ஸ்டிக் ஃபோல்டருக்குள்ள பி.எஸ்.பி., அதுக்குள்ள ஃபிளாஷ்0, அதுக்குள்ள ஃபாண்ட்னு உண்டாக்கிப் போட்டதும் வசனம் ஒழுங்கா உட்கார்ந்துச்சு.

முக்கியமா ஒண்ணு. அந்த டிரைவைச் சொருகினதும் விண்டோஸ் "பிழை இருக்கு, சரிபண்ணட்டுமா"ன்னு கேட்கலாம். தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு எழுத்துகூட உள்ள எழுதாதீங்க.

ஆசை விடலை, கே.டி. ஃபோல்டரையும் எடுத்து, பைட் பைட்டாக் காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தேன். எல்லா பி.ஆர்.எக்ஸ். (நிரல்) கோப்பும் "~பிஎஸ்பி"ன்னு ஆரம்பிச்சு அதுக்கப்புறம் வெறும் குப்பையாத் தெரியுது. யாராச்சும் விளக்குங்க.

இரவுப்பறவை:

குப்பையில்ல தல, பூட்டு. ஃபிளாஷ்0ல அந்தக் கோப்புகள் மறையாக்கம் செஞ்சபடியேதான் கிடக்கும். பி.எஸ்.பி. சிப்புக்குள்ள கிர்க்னு ஒரு கிரிப்டோ எஞ்சின் இருக்கு. கன்சோல் பூட் ஆகுறப்போ அதுதான் ஒவ்வொண்ணாத் திறந்து மெமரியில ஏத்துது. சாவி சிலிக்கானுக்குள்ள இருந்ததால, அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல வச்சு உடைக்க வழியே இல்லை. அதனாலதான் பி.எஸ்.ஏ.ஆர். டம்பர் மாதிரி ஹோம்ப்ரூ (ரசிகர்கள் எழுதுற நிரல்கள்) எல்லாம் பி.எஸ்.பி.யிலயே ஓடுற மாதிரி எழுதினாங்க. பூட்டு போட்டவனையே கூப்பிட்டுத் திறக்கச் சொல்ற கணக்கு!

நான் அந்த டம்பரை ஓட்டியிருக்கேன். சோனியோட அப்டேட் ஈபூட் கோப்புக்குள்ள டேட்டா.பி.எஸ்.ஏ.ஆர்.னு ஒரு பெரிய மூட்டை இருக்கும், முழு ஃபர்ம்வேரும் அதுலதான். டம்பர் அதைப் பிரிச்சு, கிர்க்கை வேலை வாங்கி, திறந்த கோப்புகளை மெமரி ஸ்டிக்ல கொட்டும். பொறுமை வேணும், நடுவுல தூக்கம் வந்துடும். இதுல எனக்குப் பிடிச்சது, கன்சோலோட ஃபிளாஷை இது தொடுறதே இல்லை. பின்னாடி சோனியோட பி.எஸ். 3 கன்சோலோட பாதுகாப்பு உடைஞ்சப்போ கிர்க்கோட சாவிகளும் வெளிய வந்துடுச்சு. இப்போ கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கலாம். ஃபாண்ட் மட்டும் போதும்னா உங்க யு.எஸ்.பி. வழியே சரி.

தீவுக்காரன்:

எழுதாதீங்க என்று முதல் நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். என் சித்தப்பா மகன் தீம் மாற்றுகிறேன் என்று வி.எஸ்.எச். ஃபோல்டருக்குள் ஏதோ ஒரு ஆர்.சி.ஓ. (மெனுவின் படங்களும் எழுத்தும் உள்ள) கோப்பை மாற்றிவைத்தான். அடுத்த முறை பவர் போட்டால் பச்சை விளக்கு எரிகிறது, திரை இருட்டு.

அப்போது பண்டோரா பேட்டரிதான் கதி. 2007இல் வந்த வித்தை அது. பேட்டரியின் சீரியல் எண் முழுவதும் எஃப் என்று இருந்தால் பி.எஸ்.பி. தன் ஃபிளாஷை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கில் இருந்து பூட் ஆகும். தொழிற்சாலையின் சர்வீஸ் வழி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேட்டரியை மென்பொருள் வழியில் தயாரிக்க நல்ல நிலையில் இன்னொரு பி.எஸ்.பி. வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் கெஞ்சி வாங்கினோம். டெஸ்பெர்டார் டெல் செமென்டெரியோ என்ற மீட்பு நிரலின் மெனு வந்ததும் அவன் நேராக இன்ஸ்டாலை அழுத்தப் போனான். கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் நேண்ட் டம்ப் (ஃபிளாஷ் சிப்பின் முழு நகல்) எடுக்க வைத்தேன்.

சிப் 32 எம்.பி., ஆனால் வந்த கோப்பு 33 எம்.பி. அவன் பதறினான். ஒவ்வொரு 512 பைட்டுக்கும் பிழைதிருத்தத்துக்கான கூடுதல் 16 பைட்டையும் சேர்த்தே டம்ப் எடுக்கிறது, கணக்கு சரியாக வரும். 2000 மாடலில் 64க்கு 66. அந்த டம்ப்புக்குள் ஐ.டி. ஸ்டோரேஜ் என்று அந்த ஒரு கன்சோலுக்கே உரிய தகவல் இருக்கிறது. வேறொருவர் டம்ப்பை வாங்கி ஏற்றினால் வைஃபை, யு.எம்.டி. (கேம் டிஸ்க்) எல்லாம் மக்கர் பண்ணும். மெமரி ஸ்டிக் அழிந்தாலும் பரவாயில்லை, டம்ப்பை வேறு இரண்டு இடத்தில் வையுங்கள்.

கடைசிபெஞ்ச்:

என்கிட்ட பி.எஸ்.பி. இல்லை, அதுக்கு அடுத்து சோனி விட்ட வீட்டாதான். வீட்டாவுக்குள்ளயே பி.எஸ்.பி.யோட ப்ராசஸர் இருக்கிறதால, பி.எஸ்.பி. சிஸ்டத்தை அதுல ஓட்டுற அட்ரினலின் போட்டாப் போதும். முதல் தடவை அதுவே சோனியோட 6.61 அப்டேட்டை இறக்கிப் பிரிச்சுக்குது. அந்த ஃபாண்ட் கோப்பை யாராவது லிங்க் போட்டா எனக்கு வேலை மிச்சம் 😅

ஃபேட்ஆயிரம்:

லிங்க் கிடையாது ப்ரோ, அது சோனி சொத்து. அட்ரினலின் உங்களுக்கு ஏற்கெனவே பிரிச்சு வச்சிருக்கே, வீட்டாஷெல்ல (வீட்டாவோட கோப்பு மேலாளர்) தேடுங்க. @இரவுப்பறவை நன்றி, டம்பர் ஓட்டிட்டேன். இப்போ அதே கோப்பு ஈ.எல்.எஃப்.னு (பூட்டு திறந்த நிரலோட அடையாளம்) ஆரம்பிக்குது. @தீவுக்காரன் மெமரி ஸ்டிக்கைக் காலி பண்ணிட்டு நேண்ட் டம்ப் எடுக்கப் போறேன். கரண்ட் போகாம இருக்கணும், பேட்டரி இல்லையே.