விண்டோஸோடு உபுண்டு: சி டிரைவைச் சுருக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்பில், அதை அழிக்காமல் உபுண்டு 24.04-ஐயும் (லினக்ஸ் இயங்குதளம்) நிறுவ வேண்டும். அதற்கு இடம் ஒதுக்க சி டிரைவைச் சுருக்கப் பார்க்கிறேன். 512 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவில் 200 ஜிபிக்கு மேல் காலி. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் (சுருக்கு) கொடுத்தால், 14 ஜிபிதான் சுருக்க முடியும் என்று காட்டுகிறது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருப்பதுதான் காரணம் என்று புரிகிறது. அப்படிப்பட்ட கோப்புகளை வைக்கும் ஹைபர்நேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்தேன். 31 ஜிபி வந்தது. எனக்கு 80 ஜிபியாவது வேண்டும்.

டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் குறியாக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டேன். அம்மாவின் பழைய போட்டோக்கள் இதில்தான் இருக்கின்றன. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தாச்சு, இருந்தாலும் மனசு பதறுகிறது.

உபுண்டு லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து உபுண்டுவை இயக்குவது) ஜிபார்ட்டெட் என்ற டிஸ்க் பிரிக்கும் மென்பொருளை வைத்துச் சுருக்கலாமா? அப்புறம் விண்டோஸ் ஒழுங்காகத் திறக்குமா? செய்து பார்த்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள், ப்ளீஸ்.