குளிர்காலப் பிராய்லருக்குத் தீவனத்தில் எண்ணெய்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

தேன்கனிக்கோட்டைக்காரன்:
எங்கள் ஊரில் மார்கழி, தை விடியற்காலையில் 12 டிகிரி வரை இறங்கும். மூன்று வாரம் தாண்டிய பிராய்லர் வயிற்றில் நீர் கோத்துச் சாகிற காலம் இது. அதிலும் நன்றாகத் தின்று வேகமாக எடை ஏறுகிற சேவல்தான் முதலில் போகும். உடம்பைச் சூடாக வைக்கவே ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் பெருத்துவிடும், பிறகு ஈரலிலிருந்து நீர் கசியும்.

நான் தீவனம் சொந்தமாக அரைக்கிறேன். போன குளிருக்குத் தவிட்டு எண்ணெய் 3 சதவீதம் சேர்த்தேன். மாவுச்சத்தைவிட எண்ணெயில் எரிசக்தி இரண்டு மடங்குக்கு மேல். குளிருக்கென்று கோழி அதிகம் தின்னாமலே எடை வந்தது. ஓமத்தில் இருக்கிற தைமால் கலந்த வாசனை எண்ணெயும் டன்னுக்கு 150 கிராம் போட்டேன். எச்சம் கெட்டியாக விழுந்தது, தரையில் விரித்த படுக்கை (லிட்டர்) ஈரமாகவில்லை.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதே தீவனம்தான் தம்பி ஷெட்டுக்கும் போனது. அவன் படுதாவை மேல்வரை இழுத்துக் கட்டியிருந்தான், உள்ளே அம்மோனியா கண்ணைக் கரித்தது. நீர் கோத்த சாவு அங்கே குறையவே இல்லை. நான் மேலே ஒரு அடி திறந்தே வைத்திருந்தேன், எனக்கு வெகுவாகக் குறைந்தது.

உடுமலை பண்ணை:
அண்ணா, எங்களுது ஒப்பந்தப் பண்ணைங்க. கம்பெனி தர்ற தீவனம்தான், நாம எதையும் கலக்க முடியாதுங்க. யூகலிப்டஸும் புதினாவும் சேர்ந்த எண்ணெய் மருந்தைக் குடிதண்ணியில மட்டும் விடறோம். ராத்திரி ஷெட்டுக்குள்ள கேட்கிற கொரகொரப்பு நல்லா அடங்குதுங்க. தண்ணியில கரையற மாதிரி தயார் பண்ணினதாப் பார்த்து வாங்குங்க. வெறும் எண்ணெய ஊத்துனா டேங்க்ல மேலாகவே மிதக்கும்.

கோத்தகிரி:
நாங்கள் இருப்பது ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். குளிரோடு காற்றில் ஆக்சிஜனும் குறைவு, அதனால் இந்த நோய் இங்கே இன்னும் கடுமை. முதல் வாரக் குஞ்சுக்குப் பித்தநீர் போதாது, பாமாயில் சரியாகச் செரிக்காது. சோயா எண்ணெய்தான் கொடுக்கிறேன். சிக்கு வாடை அடிக்கிற கெட்ட எண்ணெய் வைட்டமின் ஈ-யை அழித்துவிடும், முகர்ந்து பார்க்காமல் டின்னைக் கவிழ்க்காதீர்கள். தேன்கனிக்கோட்டை அண்ணா, இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் பெல்லட்டை (அழுத்திக் குச்சியாக்கிய தீவனம்) நிறுத்தி மாவாகக் கொடுத்துப் பாருங்கள். வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும், இதயத்துக்குச் சுமை குறையும். எனக்கு எண்ணெயைவிட இதுதான் அதிகக் கோழிகளைக் காப்பாற்றியது.