உதவி தேவை: மணிவிழாவுக்கான வண்ண மாவுருண்டையில் சாக்லேட் பூச்சு திரிகிறது, வெடிக்கிறது, வியர்க்கிறது

தேவகோட்டை மருமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற வைகாசியில் என் மாமனாருக்கு மணிவிழா. தேவகோட்டையில் உள்ள எங்கள் பெரிய வீட்டிலேயே நடத்துகிறோம். அதிரசம், தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை ஆகியவற்றைச் சமையற்காரர் பார்த்துக்கொள்கிறார். பேரப்பிள்ளைகளுக்கென்று ஒரு பலகாரத்தை மட்டும் நானே என் கையால் செய்ய விரும்புகிறேன். பாசிப்பருப்பு மாவுருண்டையை உருகிய வெள்ளைச் சாக்லேட்டில் முக்கி, வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) பதித்திருக்கும் ஆத்தங்குடித் தரைக் கற்களின் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நான்கு நிறங்களிலும் தட்டில் அடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுப்பில் சுடவோ எண்ணெயில் பொரிக்கவோ வேண்டாத பலகாரம் என்பதால் எளிதாக முடிந்துவிடும் என்று எண்ணினேன். மூன்று முறை முயன்றும் சரியாக வரவில்லை.

முதல் முறை, சாக்லேட் வழவழப்பாக உருகிய பிறகு கேசரிக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு நிறத் திரவத்தில் நான்கைந்து சொட்டு விட்டேன். கலக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே அது ஈர மணலைப்போலத் திரண்டு கரண்டியோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை நிறம் சேர்க்காமலே முக்கினேன். பூச்சு அழகாகப் படிந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் ஒவ்வோர் உருண்டையிலும் மயிரிழைபோல விரிசல் கண்டு, அதன் வழியே நெய் கசிந்தது. மூன்றாம் முறை உருண்டைகளை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து காலையில் வெளியே எடுத்தேன். பத்து நிமிடத்தில் அவற்றின்மேல் முத்து முத்தாக நீர் பூத்து, தொட்ட விரலெல்லாம் பிசுபிசுத்தது. விழாவுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. மொத்தம் 300 உருண்டைகள் வேண்டும். எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் அண்ணன்:

தங்கச்சி, திரண்டுபோன சாக்லேட்டில் ஒரு கரண்டி வெண்ணெய் போட்டு மறுபடியும் சூடாக்கினால் இளகிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முயன்று பாருங்கள்.

காரைக்குடி ஆச்சி:

அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் வெண்ணெயைச் சேர்க்க வேண்டாம். வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் நீர் இருக்கிறது. இந்தப் பலகாரத்துக்குப் பகை அந்த நீர்தான். சாக்லேட் என்பது கொழுப்புக்குள் சர்க்கரைத் துகளும் பால்பொடியும் மிதக்கும் ஒரு கலவை. அதில் நீர் துளியளவு பட்டாலும் சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உங்களுக்கு முதல் முறை நேர்ந்தது இதுவே. கேசரி நிறம் நீரில் கரைத்த நிறம். பாலிலும் பாகிலும் அது நன்றாகக் கலக்கும், கொழுப்பில் கலக்காது.

நான் சில கேள்விகள் கேட்கிறேன். பதில் தெரிந்தால் மற்ற இரண்டு குறைகளையும் சொல்லிவிடலாம். நீங்கள் வாங்கியது கோகோ வெண்ணெய் சேர்ந்த அசல் வெள்ளைச் சாக்லேட்டா, தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்டா? பொட்டலத்தின் பின்புறம் பார்த்துச் சொல்லுங்கள். மாவுக்கு எவ்வளவு நெய் விட்டீர்கள்? முக்கும்போது உருண்டை குளிர்ந்திருந்ததா, அறைச் சூட்டில் இருந்ததா?

தேவகோட்டை மருமகள்:

நன்றி ஆச்சி. முதல் இரண்டு முறையும் காம்பவுண்டு. மூன்றாம் முறை பாதி காம்பவுண்டும் பாதி அசல் வெள்ளைச் சாக்லேட்டும் கலந்தேன். சுவை கூடும் என்று நினைத்தேன். அரைக் கிலோ மாவுக்கு 400 கிராம் சர்க்கரைப் பொடியும் 350 கிராம் நெய்யும் எங்கள் மாமியார் வழக்கமாகச் சேர்க்கும் அளவு. உருண்டைகளை உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் முக்கினேன்.

காரைக்குடி ஆச்சி:

இப்போது எல்லாம் விளங்குகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரிசலுக்குக் காரணம் உறைகுளிர். நன்கு குளிர்ந்து சுருங்கிய உருண்டையின் மேல் பூச்சு நொடியில் இறுகிவிடுகிறது. பிறகு உள்ளே இருக்கும் உருண்டை அறைச் சூட்டுக்கு வரும்போது மெல்ல விரிகிறது. இறுகிய பூச்சால் அதற்கு இடம் கொடுக்க முடியாமல் வெடிக்கிறது. உருண்டைகளைக் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அறையில் 20 நிமிடம் மட்டும் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து, தொட்டால் இலேசான குளிர்ச்சி மட்டும் தெரிகிற நிலையில் முக்குங்கள்.

நெய் கசிந்ததற்கு அளவும் ஒரு காரணம். மாமியாருடைய பக்குவம் வாயில் போட்டதும் கரையும் மாவுருண்டைக்கு உரியது. அதில் குறை காண ஒன்றுமில்லை. நம் ஊர் வெயிலில் நெய் இளகிக்கொண்டே இருக்கும் என்பதால், பூச்சுக்குள் அடைபடும் உருண்டைக்கு அந்த அளவு அதிகம். அரைக் கிலோ மாவுக்கு 250 கிராம் நெய் போதும். நெய்யை நன்றாகக் காய்ச்சிச் சூட்டோடு மாவில் ஊற்றிப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில், 12 கிராம் எடையில், கையால் இறுக்கிப் பிடியுங்கள். இந்த அளவில் சுமார் 95 உருண்டைகள் வரும். நெய் குறைந்தால் மேற்புறம் சிறிது உதிரும். உதிர்ந்த மாவு சாக்லேட்டில் விழுந்தால் பூச்சு சொரசொரப்பாகிவிடும். ஆகவே முதலில் நிறமில்லாத பூச்சில் மிக மெல்லியதாக ஒரு முறை முக்கி இறுக விடுங்கள். பிறகு நிறப் பூச்சில் முக்குங்கள். இரண்டு பூச்சு கொடுப்பது கசிவையும் தடுக்கும். வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் 300 உருண்டைகளில் ஒன்றுகூடக் கெடாமல் தட்டுக்கு வர வேண்டுமென்றால் நான் இந்த வழியைத்தான் நம்புவேன்.

அசலையும் காம்பவுண்டையும் கலந்தது பெரிய தவறு. கோகோ வெண்ணெயும் காம்பவுண்டில் உள்ள பனைவிதைக் கொழுப்பும் ஒன்றாக இறுகாதவை. கலந்தால் இரண்டில் எதுவும் தனியாகக் காட்டும் உறுதி போய், பூச்சு மென்மையாகி, நாளடைவில் வெளுத்த படலமும் படரும். அசலை மட்டும் தனியாகப் பயன்படுத்தலாமா என்றால், அதை 45 பாகை செல்சியஸ் வரை உருக்கி, 27 பாகைக்கு ஆற்றி, மறுபடியும் 29 பாகைக்குச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் பளபளப்போடு இறுகும். வைகாசி மாதத்தில் நம் வீடுகளின் அறைச் சூடே அதைவிட அதிகம். அசல் சாக்லேட்டின் சுவைக்கு ஈடில்லை என்றாலும், இந்த விழாவுக்குக் காம்பவுண்டே பொருத்தம். அதற்குப் பதப்படுத்தல் தேவையில்லை.

கானாடுகாத்தான் சகோதரி:

நிறத்தைப் பற்றி எனக்கு ஓர் அச்சம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் இருப்பது கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் நிறமேற்றிய பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதிக்கப்பட்டது நினைவிருக்கும். அதன் பிறகு நிறம் போட்ட எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கை வருவதில்லை. மஞ்சள்தூள், பீட்ரூட் போன்றவற்றைக் கொண்டே இந்த நிறங்களைக் கொண்டுவர முடியாதா ஆச்சி?

காரைக்குடி ஆச்சி:

நியாயமான கேள்வி. உணவில் சேர்க்க இந்திய விதிகள் அனுமதிக்கும் செயற்கை நிறங்கள் 8 மட்டுமே. ரோடமைன்-பி அவற்றில் ஒன்றன்று. சந்தையில் உதிரியாகப் பொட்டலம் கட்டி விற்கும் நிறப்பொடி எதையும் வாங்காதீர்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் அச்சிட்ட புட்டியில், சாக்லேட்டுக்கென்றே விற்கப்படும் எண்ணெய் வகை நிறமாகப் பார்த்து வாங்குங்கள். கேக் செய்வோருக்கான பொருள்களை விற்கும் கடைகளில் கிடைக்கும்.

இயற்கை நிறங்களில் மஞ்சள் மட்டும் நமக்கு முழுமையாகத் துணை வரும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் கொழுப்பில் கரையக்கூடியது. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஒரு தேக்கரண்டி சூடான தேங்காயெண்ணெயில் கலந்து, சற்று நேரம் வைத்து, மெல்லிய துணியில் வடித்துச் சேர்த்தால் மணம் தூக்காமல் நல்ல மஞ்சள் கிடைக்கும். பீட்ரூட்டின் சிவப்பு நீரில் மட்டுமே கரையும். அதன் சாற்றை ஊற்றினால் கேசரி நிறம் செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும். முற்றிலும் உலர்ந்த பீட்ரூட் பொடியைத் துணியில் சலித்துச் சேர்க்கலாம். இளஞ்சிவப்புக்கு மேல் போகாது, நாக்கில் இலேசான மண்வாசமும் தெரியும். பச்சையும் நீலமும் வேண்டுமென்றால் புட்டி நிறம்தான் வழி. சில சொட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை மருமகள்:

ஆச்சி சொன்னபடி நேற்று 40 உருண்டைகள் செய்து பார்த்தேன். ஒன்றிலும் விரிசல் இல்லை, நெய்யும் கசியவில்லை. மனம் நிறைந்துவிட்டது. ஆனால் வேறு மூன்று தொல்லைகள். நீலம் கலந்தால் பச்சையோரம் போகிறது. சிவப்பு எவ்வளவு சேர்த்தாலும் ரோஜா நிறத்திலேயே நிற்கிறது. மேலும் சேர்த்தால் கசக்கிறது. பூச்சும் கனமாக விழுந்து, உருண்டையின் அடியில் தட்டுபோலப் பரவிவிடுகிறது.

காரைக்குடி ஆச்சி:

வெள்ளைக் காம்பவுண்டு உண்மையில் வெள்ளையன்று. அதில் இளமஞ்சள் சாயல் இருக்கிறது. அந்த மஞ்சளோடு நீலம் சேர்ந்து பச்சையாகிறது. நீலம் சேர்ப்பதற்கு முன்னால் ஊதா நிறத்தை ஊசிமுனையளவு கலந்தால் மஞ்சள் சாயல் அடங்கிவிடும். பச்சையைச் செய்ய இதே குணம் உதவி என்பதால் அதற்கு ஊதா வேண்டாம். சிவப்பைப் பொறுத்தவரை, வெண்மையின் மேல் ஏற்றும் நிறம் எளிதில் ஆழமாகாது; கசப்பு வரும் வரை சேர்ப்பது சரியில்லை. கலந்த பிறகு சில மணி நேரத்தில் நிறம் தானே சற்று அடர்ந்து வரும். முந்தைய நாளே கலந்து இறுக விட்டு, மறுநாள் உருக்கிப் பாருங்கள். அப்போதும் ரோஜா நிறமாகவே இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் மிதிபட்ட ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் அப்படித்தான் தணிந்து தெரியும். என் கண்ணுக்கு அதுவே அழகு.

பூச்சு கனப்பதற்கு 250 கிராம் காம்பவுண்டுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம். கூடினால் வெயிலில் விரலில் ஒட்டும். முள்கரண்டியில் உருண்டையை ஏந்தி முக்கி எடுத்து, கரண்டியின் தண்டைக் கிண்ணத்தின் விளிம்பில் நான்கைந்து முறை மெதுவாகத் தட்டுங்கள், மிகுதி வடிந்துவிடும். பிறகு கரண்டியின் அடியையும் விளிம்பில் ஒரு முறை துடைத்துவிட்டுப் பட்டர் பேப்பரில் இறக்குங்கள். உருக்கும்போது கொதிக்கும் நீரின் மேல் கிண்ணத்தை வைக்கக் கூடாது. நீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்த பிறகு, ஆவி வெளியே வராதபடி வாய் பொருந்தும் கிண்ணத்தை மேலே வையுங்கள். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. எடுக்கும்போது அடியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது, கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்து முக்கால் கிலோ சாக்லேட்டைத் திரள வைத்த அன்றுதான்.

புதுவயல் அண்ணன்:

ஆச்சிக்கு நன்றி, வெண்ணெயைப் பற்றி இன்று தெளிந்தேன். முதலில் திரண்டுபோன சாக்லேட்டை என்ன செய்வது? கொட்டிவிட வேண்டியதுதானா?

காரைக்குடி ஆச்சி:

கொட்ட வேண்டாம் அண்ணன். பூச்சுக்கு அது மீளாது. ஆனால் சிறிதளவு நீர் பட்டுத் திரண்டதில் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கினால், ஓர் அளவுக்கு மேல் சர்க்கரை கரைந்து வழவழப்பான குழம்பாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளைக்குள் பிள்ளைகளுக்குப் பால் பணியாரத்தின் மேல் ஊற்றிக் கொடுக்கலாம்.

தேவகோட்டை மருமகள்:

கடைசியாக ஒன்று. விழா நாளில் தட்டுகளை முகப்பில்தான் வைக்கப்போகிறோம். அங்கே குளிரூட்டி கிடையாது. வியர்வையை எப்படித் தவிர்ப்பது?

காரைக்குடி ஆச்சி:

குளிர்ந்த பொருளின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிவதால்தான் வியர்க்கிறது. முடிந்தவரை குளிர்சாதனப் பெட்டியையே தவிருங்கள். மாவுருண்டையில் ஈரம் கிடையாது. தேங்காய், பால்கோவா உருண்டைகளைப்போல இரண்டு நாளில் கெடாது என்பதுதான் நம் ஊர்ப் பலகாரத்தின் பெரிய வலிமை. விழாவுக்கு நான்கு நாள் முன்னதாகச் செய்து, எவர்சில்வர் தூக்குகளில் அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் வைத்து, இறுக மூடி, குளிரூட்டிய படுக்கையறையில் வைத்தால் போதும். பூச்சை இறுக வைக்கவும் பெட்டி வேண்டியதில்லை. தட்டுகளை அந்த அறையின் கல்தளத்தில் நேரடியாக வையுங்கள். தளத்தின் குளிர்ச்சியில் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். வளவில் வெயில் இறங்கும் பக்கம் வேண்டாம். பெட்டியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், தூக்கை மூடியபடியே வெளியே எடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் தூக்கின் வெளிப்புறத்தில் படிந்துவிடும்.

முகப்பில் 300 உருண்டைகளையும் ஒரே நேரத்தில் அடுக்காதீர்கள். 40, 50 என்று பிரித்து, ஒரு தட்டு முடிய அடுத்த தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பூச்சுக்கு மொத்தம் இரண்டரைக் கிலோ காம்பவுண்டு வாங்கினால், சேதாரம் போகவும் பற்றும்.

தேவகோட்டை மருமகள்:

மணிவிழா நல்லபடியாக நடந்தது ஆச்சி. 310 உருண்டைகள் செய்தேன், வீணானவை ஏழு. அவையும் செய்து முடித்த அன்று நிறப் பூச்சு போதாமல் நின்றவை. ஆறு தட்டுகளாகப் பிரித்து அனுப்பினோம். மதியம் ஒரு மணிக்கு வைத்த தட்டில்கூட ஒன்றும் இளகவில்லை. ஊதா சேர்த்த நீலம் மிகச் சரியாக வந்தது. என் மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது மாவுருண்டைதானே என்று கேட்டு, இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். மீதமிருந்த 20 உருண்டைகளைச் சென்னைக்குக் கொண்டுபோகும் நாத்தனாருக்குத் தூக்கில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டிக் கொடுத்தேன். இரவு ரயிலில் போய்ச் சேர்ந்தபோது அப்படியே இருந்தன என்று இன்று காலை சொன்னார்.

காரைக்குடி ஆச்சி:

மிக்க மகிழ்ச்சி. மிஞ்சிய நிறக் காம்பவுண்டை ஈரம் படாத டப்பாவில் நிறம்வாரியாகப் போட்டு வையுங்கள். அடுத்த முறை உருக்குவதற்கு முன் அதில் மாவுத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உருகியதும் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.