தளம் போடுவதற்கு முன் ரேடான்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

கதிர்: மாமா, பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் அருகே நாங்கள் கட்டும் வீட்டின் பேஸ்மென்ட் தளத்துக்கு அடுத்த வாரம் கான்கிரீட் போடுகிறார்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் பற்றிக் கேட்டால், குடியேறிய பிறகு அளந்துகொள்ளலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். காத்திருக்கலாமா?

செல்வம் மாமா: காத்திருக்காதே. பென்சில்வேனியா மண் இதற்குப் பெயர் போனது. 1984-இல் லிமரிக் அணுமின் நிலையப் பொறியாளர் ஸ்டான்லி வாட்ராஸ், கதிரியக்கக் கருவியைக் கடந்தபோது அபாய மணி ஒலித்ததற்குக் காரணம் அந்த நிலையம் அல்ல, அவர் வீட்டில் நிறைந்திருந்த ரேடான்தான்.

மீனா சித்தி: தரையில் விரிசல்களை அடைத்துவிட்டால் போதாதா அண்ணா?

செல்வம் மாமா: அது மட்டும் போதாதம்மா. குளிர்காலத்தில் சூடான காற்று மேலேறி வெளியே போகப் போக, பேஸ்மென்டில் அழுத்தம் குறைந்து, மண்ணில் உள்ள வாயுவை வீடே உள்ளே இழுக்கிறது; சுருங்கி விரிசல் விடாத கான்கிரீட்டை நான் இன்னும் பார்த்ததில்லை. எனவே வாயு வெளியேற வேறு வழி கொடுக்க வேண்டும். தளத்துக்கு அடியில் 4 அங்குலத்துக்கு மணல் கலக்காத ஜல்லி, அதன்மேல் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தடித்த பாலிதீன் விரிப்பு, ஜல்லியில் தொடங்கி வீட்டின் உள்வழியாகவே கூரைக்கு மேல் வரை செல்லும் 3 அல்லது 4 அங்குல பி.வி.சி. குழாய் ஆகியவற்றைக் கேள். வெளிச்சுவர் ஓரமாகக் குழாயைக் கொண்டுபோனால், குளிரில் அதற்குள் காற்று சரியாக மேலேறாது.

கதிர்: விரிப்பு உண்டு என்கிறார், குழாய்க்குத் தனிக் கட்டணமாம்.

செல்வம் மாமா: கொடுத்துவிடு. விரிப்பைவிடக் குழாய்தான் முக்கியம். தளம் போட்ட பிறகு அதை உடைத்துக் குழாய் இறக்குவதற்குச் செலவு பல மடங்காகும். பரணில் ஒரு மின் இணைப்பும் இப்போதே வைக்கச் சொல். குடியேறியதும் கதவு, ஜன்னல்களை மூடி வைத்து அளந்து பார். லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் வந்தால், வாயுவை மேலே இழுக்கப் பரணில் அந்தக் குழாயில் விசிறி பொருத்தலாம். விசிறியைப் பேஸ்மென்டில் வைக்க விடாதே, ஏனென்றால் அதற்கு மேலுள்ள குழாயில் கசிவு ஏற்பட்டால் வாயு வீட்டுக்குள்ளேயே தள்ளப்படும்.

மீனா சித்தி: தண்ணீர் இறைக்கும் சம்ப் குழி இருக்கிறதே, கதிர்?

கதிர்: இருக்கிறது சித்தி, திறந்த குழிதான்.

செல்வம் மாமா: நல்ல கேள்வி, மீனா. அதற்குக் காற்றுப் புகாத மூடி போடச் சொல். குழாய்மீது ஒவ்வொரு மாடியிலும் 'ரேடான்' என்று எழுதி ஒட்டவும் சொல்; இல்லையென்றால் நாளை எந்தப் பிளம்பராவது கழிவுநீர்க் குழாய் என்று நினைத்து அதில் இணைத்துவிடுவார்.