குலசைல ராக்கெட் தளம் எதுக்கு, ஸ்ரீஹரிகோட்டா பத்தாதா?

உடன்குடி கருப்பட்டி:
எங்க ஊருக்குப் பக்கத்துல குலசேகரப்பட்டினத்துல 2024 பிப்ரவரில அடிக்கல் நாட்டுனாங்க, 2,200 ஏக்கருக்கு மேல எடுத்திருக்காங்க. நேத்து டீக்கடைல இதான் பேச்சு, ஒருத்தர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் அதான்ங்கறார், இன்னொருத்தர் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற மகேந்திரகிரி கிட்டக்க இருக்கு அதான்ங்கறார். எது சரி?

ராக்கெட் பைத்தியம்:
பூமத்திய ரேகை கதை இங்க செல்லாது பாஸ். கிழக்க பாத்து விடுற ராக்கெட்டுக்குத்தான் பூமி சுத்துற வேகம் கை கொடுக்கும், குலசைல இருந்து முக்கியமா விடப்போறது தெக்க பாத்து, துருவப் பாதைக்கு, அதாவது ரெண்டு துருவத்துக்கும் மேல சுத்துற பாதைக்கு. மகேந்திரகிரி பக்கம்ங்கறது வசதி, அவ்ளோதான்.

அசல் காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டால இருந்து நேரா தெக்க விட்டா அது இலங்கைப் பக்கமா போகும், எரிஞ்சு முடிச்சுக் கழண்டு விழுற ராக்கெட் அடுக்கு (ஸ்டேஜ்) யார் தலைலயும் விழக்கூடாதே, அதனால மொதல்ல தென்கிழக்க போய் தீவைத் தாண்டுனதும் பாதி வழில வலது பக்கம் ஒடிச்சுத் திருப்புறாங்க. அந்த வேகத்துல திருப்புறதுக்கு எரிபொருள் கன்னாபின்னான்னு செலவாகும். இஸ்ரோவோட பிஎஸ்எல்வி ராக்கெட் 320 டன், தாங்கிக்கும். குலசைல இருந்து விடப்போற சின்ன ராக்கெட் எஸ்எஸ்எல்வி 120 டன்தான், தூக்குறதே 500 கிலோ, திருப்பத்துலயே பாதி சரக்கு போயிட்டா அப்புறம் என்னத்த ஏத்துறது? குலசைக்குத் தெக்க கிட்டத்தட்ட அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல்.

சந்தேகப் பேர்வழி:
சரி, ஆனா அந்த எஸ்எஸ்எல்வி மொத தடவையே ஊத்திக்கிச்சே?

ராக்கெட் பைத்தியம்:
ஆமா, 2022 ஆகஸ்ட் 7. இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல, அதான் கொடுமை. ரெண்டாவது ஸ்டேஜ் கழண்டப்போ கொஞ்ச நேரம் பயங்கரமா ஆடுச்சு, வேக மாற்றத்தை அளக்குற சென்சார் எல்லாம் அளவு தாண்டிப் போச்சு, உடனே கம்ப்யூட்டர் சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி அதையெல்லாம் ஒதுக்கிட்டு மாற்று வழில ஓட்டிட்டுப் போச்சு. வேகம் கொஞ்சம் குறைஞ்சுது. 356 கிமீ வட்டமா இருக்கவேண்டிய பாதை ஒரு பக்கம் 76 கிமீக்கு இறங்கிடுச்சு, அங்க காத்து இருக்கு, சாட்டிலைட் நிக்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைங்க செஞ்ச ஆசாதிசாட்டும் அதுல போச்சு, எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல. ஆனா 2023 பிப்ரவரிலயும் 2024 ஆகஸ்ட்லயும் விட்டது ரெண்டும் சரியா போச்சு, ஆசாதிசாட் ரெண்டாவதையும் 2023லயே ஏத்திட்டாங்க.

மணப்பாட்டுக்காரி:
நீங்க வானத்தைப் பாக்குறீங்க, நான் கடலைப் பாக்குறேன். எங்க மாமா வள்ளத்துல போறவர், தளம் நாங்க இருக்குற இடத்துக்குப் பக்கத்துலயே வருது. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துல இருக்குற பழவேற்காட்டுல, ராக்கெட் விடுற அன்னைக்குக் கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்லிடுவாங்க, அது தள்ளிப்போனா மறுபடியும் சொல்லுவாங்க. சாளை பட்டாதான் அன்னைக்கு அடுப்பு எரியும், கவுன்டவுன் நின்னா சாளை நிக்குமா? வருஷத்துக்கு எத்தனை தடவை விடுவாங்க, போகாத நாளுக்கு என்ன தருவாங்கன்னு தெரிஞ்ச யாராவது சொல்லுங்க.

ராக்கெட் பைத்தியம்:
நியாயமான கேள்விக்கா. எரிபொருள் கணக்கு நான் போடுவேன், இந்தக் கணக்கு எனக்குத் தெரியல.

உடன்குடி கருப்பட்டி:
டீக்கடைல இலங்கைன்னு ஒரு ஆளு கூட சொல்லல, இன்னைக்குப் போய் சொல்றேன். அக்கா கேட்டதையும் சேத்துக் கேக்குறேன், அங்க போட்காரங்க நாலு பேர் வருவாங்க. தசரா நேரத்துல மட்டும் விட்றாதீங்கப்பா, காளி வேஷக் கூட்டத்துக்கே ரோடு பத்தாது.